எல்லோரிடமும் ஒரு பிரதி

ஒரே வீட்டிலிருந்து ஒரே அலுவலகத்துக்கு இரண்டு பேர் இரண்டு பஸ்ஸில் போனார்கள். முதல் பஸ்ஸில் அண்ணி. அடுத்ததில் நாத்தனார்.

இது நாத்தனாரின் ஏற்பாடு. ஒரு பெட்டியோடும் ஒரு குழந்தையோடும் கணவன் வீட்டிலிருந்து கிளம்பி அண்ணன் வீட்டுக்கு வந்தவள், யார் சிபாரிசும் இல்லாமல் தேர்வெழுதி இந்த வேலையில் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அண்ணி என்று. "அங்க நீங்க மேடம். நான் யாரோ," என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அண்ணி தலையாட்டினாள். தலையாட்டியது தப்போ என்று சென்ற வாரம் லேசாகத் தோன்றியது. தோன்றியதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பயிற்சி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. தேறினால் வேலை உறுதி. வேலை உறுதியானால் அலுவலகத்துக்குப் பின்தெருவில் நாத்தனார் பார்த்து வைத்திருக்கும் மாடி அறை. ஒரு ஜன்னல், ஒரு குழாய், கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். ஜன்னலைப் பற்றி அவள் பேசியதில்லை. தாழ்ப்பாளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறாள்.

அண்ணிக்கும் அந்த அறை வேண்டியிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவளுடைய ஹால் இப்போது இரண்டு பேரின் படுக்கையறை. குழந்தையின் துணி நாற்காலி முதுகுகளில் காய்கிறது. தங்கையை அழைத்து வருவதற்கு முன் கணவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழைத்து வந்துவிட்டு, "வேற எங்க போவா, சொல்லு," என்றான்.

நேற்று அவள் சரியாகத் தூங்கவில்லை. அண்ணனும் தங்கையும் ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்கு அடியில் வெளிச்சம். சொல்லிக்கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற ஒருத்தி சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்க, அந்தப் பக்கம் தங்கைக்கு அண்ணன் பாடம் எடுத்தான்.

"அண்ணியைக் கேக்கலாமே?"

"வேண்டாம்ணா. பாவம், அசந்து போயிருப்பாங்க."

உண்மைதான். அதனால்தான் கோபம் வந்தது.

*

பயிற்சிக்கூடத்தில் நீள மேஜைகள். ஜன்னல் திறக்காது. புதியவர்கள் சேர்ந்து குழந்தைகள் நூலகம் ஒன்றுக்கு வலைப்பக்கம் செய்துகொண்டிருந்தார்கள். பயிற்சி என்றாலும் நிஜமான வேலை. சாயங்காலம் நூலகத்திலிருந்து பார்க்க வருகிறார்கள்.

"கிட்ங்கற இந்த சாஃப்ட்வேரை மறுபடி ஒரு தடவை சொல்றேன்," என்றாள் அண்ணி. எத்தனையாவது தடவை என்பதை அவள் எண்ணுவதில்லை. "சர்வர்ல இருக்கறது அசல், உங்ககிட்ட இருக்கறது நகல்னு நினைக்காதீங்க. இங்க அசல்னு ஒண்ணு கிடையாது. ஒவ்வொருத்தர் மெஷின்லயும் முழுசா இருக்கு. யார் எப்போ எதை மாத்தினாங்கங்கற கதை உள்பட."

"அப்போ சர்வர் எதுக்கு மேடம்?" இது ஹெட்போன். கழுத்தில் அதை மாட்டாமல் அந்தப் பையனை யாரும் பார்த்ததில்லை.

"எல்லாரும் சந்திச்சுக்கறதுக்கு. பஸ் ஸ்டாண்டு மாதிரி. அங்க யாரும் குடியிருக்கறதில்லை."

இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணி எழுதுபலகையில் மூன்று கட்டங்கள் போட்டாள்.

"நீங்க செஞ்ச மாற்றத்தை உங்ககிட்டயே பதிஞ்சு வைக்கறது கமிட். அதை சர்வருக்கு ஏத்தறது புஷ். அடுத்தவங்க ஏத்தினதை இறக்கிக்கறது புல். நீங்க ஏத்தறதுக்குள்ள வேற யாராவது ஏத்தியிருந்தா சர்வர் உங்களை விடாது. முதல்ல இறக்கணும். அவங்களோடதையும் உங்களோடதையும் சேர்க்கணும். அப்புறம் ஏத்தணும்."

"ரெண்டு பேரும் ஒரே வரியை மாத்தியிருந்தா?" என்று கேட்டார் பெரியவர். முன்பு ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருந்தவர். கூடத்தில் எல்லோரையும்விட வயதில் மூத்தவர். எல்லோரையும்விட மெதுவானவர். பயம் அதிகம்.

"ரெண்டு வரியையும் பக்கத்துல பக்கத்துல காட்டும். எது இருக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். அது பண்ணாது."

"நல்ல மெஷின். வம்பை நம்ம தலையில கட்டிட்டு ஒதுங்கிக்குது."

"தெரியாம ஒண்ணை ஏத்திட்டா அழிச்சுடலாமா... மேடம்?" நாத்தனார் கேட்டாள். மேடத்துக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி.

"அழிக்கறது இல்லை. அதுக்கு மேல இன்னொண்ணு போடுவோம், அதைத் திருத்தற மாதிரி. தப்பும் அங்கயே இருக்கும். திருத்தினதும் இருக்கும்."

சர்வரில் ஒரு பூட்டு உண்டு. யார் எதை ஏற்றினாலும் அண்ணி பார்த்துச் சம்மதித்த பிறகுதான் உள்ளே போகும். காலை முழுக்க "மேடம், என்னோடது", "மேடம், இங்க ஒரு நிமிஷம்" என்று நாலா பக்கமும் கூப்பிட்டார்கள். டீ ஆறியது. கண் எரிந்தது. ஒரு கட்டத்தில் அவள் அமைப்புகளுக்குள் போய்ப் பூட்டை எடுத்துவிட்டாள். ஒரு தட்டு. வழக்கமாகச் செய்யமாட்டாள்.

அதன் பிறகு கூடம் அமைதியானது. ஆளாளுக்கு இறக்கினார்கள், சேர்த்தார்கள், ஏற்றினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவரும் ஒருவழியாக ஏற்றிவிட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவருடன் கை குலுக்கினார்.

மிச்சம் இருந்தது நாத்தனார் மட்டும்.

அவள் காலையில் ஒருமுறை இறக்கப் பார்த்தாள். பக்கத்தின் தலைப்பு வரியை அவளும் மாற்றியிருந்தாள், ஹெட்போனும் மாற்றியிருந்தான். திரையில் இரண்டு வரிகளும் அம்புக்குறிகளுக்கு நடுவே வந்து நின்றன. அவள் மிரண்டு போய் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டாள். பிறகு நேராக ஏற்றிப் பார்த்தாள். சர்வர் மறுத்தது. மறுபடியும் பார்த்தாள். மறுபடியும் மறுத்தது. மேடத்தைக் கூப்பிடலாம். மேடம் கண்ணை மூடிக்கொண்டு நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தாள்.

நேற்று அண்ணன் சொன்னது நாத்தனாருக்கு ஞாபகம் வந்தது. மறுத்தா பயப்படாத. கடைசியில ஃபோர்ஸ்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோ. போயிடும்.

சேர்த்தாள். போனது.

"ஏறிடுச்சு அண்ணி!"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அண்ணியா?" என்றான் ஹெட்போன். முதல் முறையாக ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

யாரும் பதில் சொல்வதற்குள் மூலையிலிருந்து ஒரு குரல். "மேடம், பக்கம் காலியா இருக்கு. தேடற பெட்டியைக் காணோம்."

"என் அட்டைப்படம் எல்லாம் போச்சு."

"என்னோடதும்."

அண்ணி எழுந்து நாத்தனாரின் திரையைப் பார்த்தாள். கடைசிக் கட்டளையில் அந்த ஒரு வார்த்தை இருந்தது. கூடத்தில் யாருக்கும் அவள் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கிருந்து வந்ததென்று கேட்கத் தேவையும் இல்லை. அவள் கணவன் தூரத்து ஊர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். அவனுடைய சர்வரில் அவனைத் தவிர ஆள் கிடையாது. தனியாக இருப்பவனுக்கு அந்த வார்த்தையால் ஒரு கெடுதலும் இல்லை. பத்துப் பேர் ஏற்றி வைத்த இடத்தில் அது பத்துப் பேரையும் ஒதுக்கிவிட்டு, சொன்னவரின் பிரதியை மட்டும் உட்கார வைக்கும். நாத்தனாரின் பிரதி காலையில் எடுத்தது.

"நான் என்ன பண்ணிட்டேன்?" என்றாள் நாத்தனார்.

"இரு."

அண்ணி கூடத்தின் நடுவில் நின்றாள். கால் வலித்தது. "யாரும் எதையும் தொடாதீங்க. இவங்களுக்கு முன்னாடி கடைசியா ஏத்தினது யாரு?"

பெரியவர் மட்டும் லேப்டாப்பை மூடி, அதன்மேல் தன் பையை வைத்து, பையின்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார்.

"சார், நீங்களா?"

"நான் ஒண்ணும் பண்ணலை மேடம். ஏத்தினதுக்கு அப்புறம் கையே வைக்கலை. சத்தியமா."

"அதுதான் சார் எங்களுக்கு வேணும்."

அவருக்குப் புரியவில்லை. பையைத் தூக்காமல் அவளையே பார்த்தார்.

"கடைசியா ஏத்தறவர் அதுக்கு முன்னாடி எல்லாரோடதையும் இறக்கியாகணும். இறக்கினீங்க இல்லையா? அப்போ காலையில இருந்து இத்தனை பேர் செஞ்சதும் உங்ககிட்ட முழுசா இருக்கு."

பெரியவர் மெல்லப் பையை எடுத்தார். லேப்டாப்பை வெடிக்கப் போகிற பொருள் மாதிரி திறந்தார். எல்லாம் இருந்தது. தேடும் பெட்டி, அட்டைப்படங்கள், எல்லார் பெயரும், எல்லார் வரியும்.

"இதைத் திரும்ப வைக்கறதுக்கும் அதே வார்த்தைதான் வேணும்," என்றாள் அண்ணி. "அதுல பாவம் ஒண்ணும் இல்லை. மத்தவங்களைக் கேக்காம சொல்றதுலதான் இருக்கு. இப்போ கேக்கறேன். சார்கிட்ட இருக்கறதை சர்வர்ல உட்கார வைக்கப் போறேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

"இல்லை மேடம்." ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவள் கடைசி ஆள் சொல்லும்வரை காத்திருந்தாள். பிறகு பெரியவரின் விசைப்பலகையில் அடித்தாள். பக்கம் திரும்பி வந்தது. அப்போதே பூட்டையும் போட்டாள்.

"இப்ப நீ இறக்கு," என்றாள் நாத்தனாரிடம்.

அதே இரண்டு வரிகள். அதே அம்புக்குறிகள். நாத்தனார் இந்த முறை ரத்து செய்யவில்லை. ஹெட்போனைப் பார்த்தாள். "உங்களோடதா, என்னோடதா?"

அவன் எட்டிப் பார்த்தான். "உங்களோடது நல்லா இருக்கு. அதையே வைங்க," என்றான். நிறுத்தி, "அண்ணியோட நாத்தனார் வேற," என்று சேர்த்தான்.

சிலர் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு இல்லை.

*

நூலகத்துக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், திருப்தியாகப் போனார்கள். அதற்குப் பிறகு மேலாளர் அண்ணியை உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதிலிருந்தே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"உங்க நாத்தனார்னு எனக்கு ஏன் சொல்லலை?"

"சொல்லியிருக்கணும் சார்."

"மார்க் போடறது நீங்க."

"ஆமாம்."

அவர் பேனாவை மூடித் திறந்தார். "இன்னைக்கு யாரால இது நடந்தது? அதை எழுதிக் குடுங்க."

"பூட்டை நான்தான் எடுத்துவிட்டேன். அது இருந்திருந்தா அந்தப் பொண்ணு நினைச்சாலும் நடந்திருக்காது."

"இதைத்தான் எதிர்பார்த்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். "உங்க பேரை எழுதினா குடும்பத்தைக் காப்பாத்தறீங்கன்னு வெளியில எல்லாரும் சொல்லுவாங்க. நானும் நினைப்பேன். அவங்க பேரை எழுதினா அவங்க பயிற்சி நாளையோட முடியும். எனக்கு ஒரு பேர் போதும் மேடம். காலையில நான் வரும்போது இருக்கணும்."

*

முதல் முறையாக இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். மறைக்க இனி ஒன்றும் இல்லை.

"சந்தோஷத்துல வாயில வந்துடுச்சு அண்ணி."

"சந்தோஷத்துலதான் வரும்."

"என் பேரையே எழுதிடுங்க. நான்தானே பண்ணினேன்."

"அந்த மாடி அறை?"

நாத்தனார் வெளியே பார்த்தாள். "வேற ஏதாவது பார்க்கலாம். அதுவரைக்கும் உங்க ஹால்தான். உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு தெரியாம இல்லை."

இல்லை, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று அண்ணி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் பொய்யென்று இருவருக்கும் தெரியும். நாத்தனாரின் மடியில் இருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதில் குழந்தைக்கு வாங்கிய வண்ணப் பென்சில்கள் குத்தின.

வீட்டில் கணவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "என்ன டீச்சர், ரெண்டு பேரும் ஒண்ணா?" என்றான். குழந்தை சுவரோரம் தூங்கியிருந்தது.

நாத்தனார் நடந்ததைச் சொன்னாள். அழாமல் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பினான்.

"நான் தினமும் அப்படித்தானே பண்றேன். எனக்கு ஒண்ணும் ஆனதில்லையே."

"நீங்க தனியா வேலை பாக்கறீங்க," என்றாள் அண்ணி.

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்லை. வீட்டுலயும் அப்படியே பாக்கறீங்க. அதைத்தான் சொன்னேன்."

அவன் நாற்காலியை மறுபடி திரைப் பக்கம் திருப்பினான்.

அண்ணி சாப்பாட்டு மேஜையில் காய்ந்த துணிகளை ஒதுக்கி லேப்டாப்பைத் திறந்தாள். நான்கு வரிகளுக்கு மேல் எழுதத் தெம்பு இல்லை. நான்கு வரிகளே போதுமானதாகவும் இருந்தன. எழுதியதை நாத்தனார் பக்கம் திருப்பினாள்.

*பூட்டை எடுத்துவிட்டது நான். கட்டாயமாக ஏற்றியது அவர். அவர் என் நாத்தனார், அதை மறைத்தது நாங்கள் இருவரும். ஒரு பெயர் கேட்டீர்கள், ஒரு பெயரில் இது அடங்காது.*

நாத்தனார் இரண்டு முறை படித்தாள். "அவர்னு போட்டிருக்கீங்க."

"ரிப்போர்ட்டு. மரியாதை."

"அண்ணா சொல்லிக்குடுத்ததை எழுதலையே?"

"அவர் அந்த ஆபீஸ்ல இல்லை. அவர் கணக்கு இங்க." அண்ணி சொடுக்கியின் மேல் விரலை வைத்தாள். "அனுப்பட்டுமா? ரெண்டு பேருக்கும் வேலை போகலாம்."

"அனுப்புங்க."

போயிற்று. இனி காலைவரை செய்ய ஒன்றுமில்லை. அண்ணி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் கணவன்.

அந்தக் குரலை அவள் அறிவாள். தங்கையின் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த அன்றும் இதே குரல்தான். கண்ணைத் திறக்கவில்லை.

"மாப்பிள்ளைகிட்ட பேசினேன். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். உட்கார்ந்து பேசினா எல்லாம் சரியாகும்னு..."

நாத்தனார் தூங்குகிற குழந்தைக்குப் போர்த்திக்கொண்டிருந்தாள். போர்வை கையிலேயே நின்றது.

"என்னைக் கேட்டியா அண்ணா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"கேட்டியான்னு கேட்டேன்."

அவன் மனைவியைப் பார்த்தான். மனைவி இப்போது கண்ணைத் திறந்திருந்தாள். ஆனால் அவனுக்கு உதவவில்லை.

"இந்த வீட்டு விலாசம் அவருக்குத் தெரியுமா?"

"சொன்னேன். வரணும்னா சொல்லித்தானே ஆகணும்."

நாத்தனார் எழுந்து வந்தாள். அவன் போனை எடுத்து அவன் கையிலேயே வைத்தாள். "கூப்பிடு. என் முன்னாடி பேசு."

"சொன்னது சொன்னதுதான். இப்போ போய் எப்படி அழிக்கறது?"

"அழிக்க முடியாது. அதுக்கு மேல இன்னொண்ணு சொல்லலாம். வர வேண்டாம்னு. அண்ணி காலையிலதான் சொல்லிக்குடுத்தாங்க."

இன்று ஒருத்தராவது பாடத்தைக் கேட்டிருக்கிறார் என்று அண்ணிக்குத் தோன்றியது. சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

அவன் எண்ணை அழுத்தினான். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள் தங்கை. போட்டான். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தபோது பஸ் இரைச்சல் கேட்டது. நடத்துனர் யாரையோ உள்ளே போகச் சொன்னார்.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை விஷயமா..."

"அதுவரைக்கும் எதுக்கு மச்சான்? அப்பவே கிளம்பிட்டேன். உங்க ஊரு விளக்கெல்லாம் தெரியுது. அவகிட்ட சொல்லாதீங்க." இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை.

கணவன் போனைப் பார்த்தபடி நின்றான். அவன் மறுபடி அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை.

அண்ணி எழுந்தாள். காலையிலிருந்து வலித்த கால் இப்போதும் வலித்தது. வாசல் கதவுவரை போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். வைத்தபடி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"போடட்டுமா?"

நாத்தனார் தலையாட்டினாள்.

போட்டாள்.